வீட்டு முகப்பில் ஓடும் கோடுகள்

ஆம்பூரில் இப்போது எழும்பும் புது வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? வாசலில் இரண்டு பெரிய தூண். தூணின் தலையில் முட்டைகோஸ் மாதிரி விரிந்த இலைகள். மொட்டைமாடி விளிம்பில் மூன்று வரி பார்டர். உள்ளே ஹால் சீலிங் ஓரமெல்லாம் பி.ஓ.பி. வளைவு. கேட்டால் "ராயல் லுக்" என்பார்கள். ஷூ கம்பெனியில் சம்பாதித்த காசை ரோமாபுரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று எங்கள் வகுப்பில் ஒரு கிண்டல் உண்டு. அந்தக் கிண்டலில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். நான் படிப்பது பி.காம்., கட்டடக்கலை இல்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த முட்டைகோஸ். அது அகாந்தஸ் என்ற மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடியின் இலை. இந்த வகைத் தூணுக்குக் கொரிந்தியன் என்று பெயர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதைப் பற்றியெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கூரை விளிம்பின் கீழே பல்வரிசை மாதிரி சின்னச் சின்னக் கட்டைகள் ஓடுமே, அது மரக்கூரையில் கைமரங்களின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததன் ஞாபகமாம். மரத்தில் கட்டியவர்கள் கல்லுக்கு மாறியபோது, கண்ணுக்குப் பழகிய உருவத்தை விட மனசில்லாமல் கல்லிலும் செதுக்கிவிட்டார்கள்.

இதே கதை நம் ஊரிலும் நடந்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் கொடுங்கை என்று ஒன்று உண்டு. வெளியே வளைந்து இறங்கும் கல் கூரை. அதன் அடியில் நின்று பார்த்தால் கைமரம், குறுக்குச் சட்டம், ஆணி என்று ஒரு தச்சர் செய்த வேலை எல்லாம் அப்படியே தெரியும். அத்தனையும் கருங்கல்! அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக மற்றதைச் செய்து தருகிறோம் என்று எழுதுவார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. காண்ட்ராக்ட் ஆக்ட் படிக்கிற எனக்கு இது ரொம்பவே ரசித்த விஷயம்.

கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் கோடுகளுக்கும் பெயர் உண்டு: உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. குமுதம் என்றதும் நமக்கு வாரப் பத்திரிகைதான் நினைவுக்கு வரும்; இங்கே அது உருண்டு திரண்ட ஒரு வரி. கிரேக்கத் தூணின் அடியிலும் இதே மாதிரி ஓர் உருண்டை வரி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் இந்த அடிவரிகளை வெறும் அழகுக்கு விட்டுவிடவில்லை. 1010-ல் முடிந்த அந்தக் கோயிலுக்கு யார் யார் என்ன பொன், என்ன நகை கொடுத்தார்கள், எடை எவ்வளவு என்ற கணக்கை அவற்றின் மேல் வெட்டச் சொன்னான். உலகத்திலேயே கனமான லெட்ஜர் அதுவாகத்தான் இருக்கும்.

சரி, இந்தக் கோடுகளால் என்ன பயன்? மூன்று வேலை. ஒன்று, மழை. வெளியே நீட்டிய விளிம்பு தண்ணீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளிச் சொட்ட வைக்கிறது. இரண்டு, சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் எப்படியும் வரும் விரிசலை மறைக்கிறது. மூன்றாவதுதான் பெரிய விஷயம்: நிழல். நம் ஊர் வெயிலில் வழவழ சுவர் வெறும் வெளிச்சப் பலகை. அதில் ஒரு குழியும் ஒரு புடைப்பும் இருந்தால் வெயில் நகர நகர நிழலும் நகரும். ஒரு வீட்டுக்கு "முகம்" இருக்கிறது என்று நாம் சொல்வது பாதிக்கு மேல் இந்த நிழலைத்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் கிரேக்கக் கோடுகள் மெட்ராஸில் வந்து இறங்கின. இன்றைய ராஜாஜி ஹால் 1802-ல் முடிந்தது. கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம், தொழில் முறையில் வானியலாளர்! ஸ்ரீரங்கப்பட்டணத்து வெற்றியைக் கொண்டாடக் கிரேக்கக் கோயில் சாயலில் ஒரு விருந்து மண்டபம். ஆனால் ஏதென்ஸில் இருந்த பளிங்கு இங்கே ஏது? அன்றைய மெட்ராஸ் கட்டடங்களில் உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை மாவாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு முதலியவை சேர்த்து, மேலே பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போலவே மின்ன வைத்தார்கள் நம் கொத்தனார்கள். டிசைன் இறக்குமதி, கை உள்ளூர்.

செட்டிநாட்டில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார்கள் பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு என்று கொண்டுவந்து வீடு கட்டினார்கள். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை 1912-ஐச் சேர்ந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் ரோமானிய அரைத்தூணுக்கு மேலேயே சுதையில் கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள். கட்டிய காலத்தில் இதையும் யாராவது "புதுப்பணம்" என்று சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். 2014-ல் அந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன.

ஆகவே நகலெடுப்பது குற்றமில்லை. எல்லோரும் நகலெடுத்தவர்கள்தான். வித்தியாசம் எங்கே என்றால், அந்தக் கொத்தனாருக்கு ஒவ்வொரு கோடும் என்ன வேலை செய்கிறது என்று தெரியும். இன்று மோல்டிங் ரன்னிங் அடிக் கணக்கில் விற்கிறது. ரன்னிங் அடிக்கு விலை பேசும்போது நீளத்தைத்தான் பேசுகிறோம், ஆழத்தைப் பேசுவதில்லை. அரை அங்குலம் புடைத்த பார்டர் இரண்டாவது மாடி உயரத்தில் என்ன நிழல் தரும்? தெருவிலிருந்து பார்த்தால் பெயின்ட் கோடு மாதிரிதான் தெரியும். பி.ஓ.பி. என்பது ஜிப்சத்தைச் சூடாக்கி எடுக்கும் பொடி. ஈரம் அதற்கு ஆகாது. அதை ஹாலோடு நிறுத்தாமல் வெளியே ஒட்டினால் சில மழைக்காலத்தில் உதிரத் தொடங்கும். ஹோம் லோன் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்துத் தூண், கதவு, நிலை என்று தனித்தனியாக விற்கும் கடைகள் உண்டு. அங்கே வாங்கிவந்து புது வீட்டில் நட்டால் உடனே ஒரு களை வந்துவிடும்தான். ஆனால் நம் வாசலுக்கு ஒரு தூண் வந்தால் எங்கோ ஒரு வீடு வாசலை இழந்திருக்கிறது. எனக்கென்னவோ அதைவிட, புதிதாகச் செய்த இரண்டு நல்ல கோடுகள் மேல்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பஸ் ஏறினால் வேலூர். கோட்டைக்குள்ளே 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஜலகண்டேஸ்வரர் கோயில். எலிவேஷன் வரைபடத்தை முடிவு செய்வதற்கு முன்னால் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைப் பார்த்து முடித்ததும் கொஞ்சம் தள்ளி நின்று, கூரை விளிம்பிலும் அடிவரியிலும் நிழல் எவ்வளவு ஆழமாக விழுகிறது என்று பாருங்கள். கையில் ஒரு டேப் இருந்தால் அடிவரி எத்தனை அங்குலம் புடைத்திருக்கிறது என்று அளந்தும் பார்க்கலாம், கல்லைத் தொடாமல்.