ஆயனர் வீட்டுப் பெண்

'சிவகாமியின் சபத'த்தைப் படித்து முடித்த கையோடு, செவிலிமேட்டிலிருந்து ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பாராட்டுக் கடிதம் அல்ல, சண்டைக் கடிதம். சண்டை என்னோடும் அல்ல, கல்கியோடும் அல்ல, ஆயனச் சிற்பியோடு!

"வாதாபி எரிந்ததில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்த பெண்ணுக்கு ஒரு வீடு இல்லையே, அதற்கு யார் பதில் சொல்வது? பெற்றவர் அஜந்தா வர்ணத்தின் ரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்தார். காதலித்தவர் கல்யாணம் செய்துகொண்டு விட்டார். புகழ் எல்லாருக்கும் வந்தது. அவளுக்கு என்ன வந்தது?" என்று கேட்கிறார்.

செவிலிமேட்டுக்காரர் இதைக் கேட்பது பொருத்தம்தான். காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரின் பெயரிலேயே ஒரு செவிலி இருக்கிறாள். நம்முடைய அகப்பாட்டுக்களில் வரும் செவிலித்தாய், பெண் வீட்டை விட்டுப் போனபின் அவள் விளையாடிய இடத்தைப் பார்த்துப் பார்த்து உருகுகிறவள். சிவகாமியோ தாயில்லாப் பெண். அவளுக்காக உருக ஒரு செவிலி வேண்டாமா?

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் தேட, கதையிலிருந்து கொஞ்சம் சரித்திரத்துக்குப் போகவேண்டும்.

கல்கி இந்த நாவலைத் தம் பத்திரிகையில் 1944 முதல் 1946 வரை தொடராக எழுதினார். நரசிம்மவர்மன் புலிகேசியை வென்று, கி.பி. 642 வாக்கில் வாதாபியைக் கைப்பற்றியது சரித்திரம். அவன் பெயர் பொறித்த பாறைக் கல்வெட்டு வாதாபியிலேயே இருக்கிறது. பரஞ்சோதி அந்த நகரை அழித்துவிட்டு யானைகளும் மணிகளும் கொண்டு வந்ததைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். ஆயனரும் சிவகாமியும் நாகநந்தியும் கல்கி படைத்தவர்கள்.

காஞ்சிக்கு அருகே கூரம் என்ற ஊரில் பல்லவர் செப்பேடு ஒன்று கிடைத்தது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி, அதில் 'வெற்றி' என்று எழுதியவன் நரசிம்மன் என்று அது புகழ்கிறது. கவி நயமான வார்த்தைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒருவருடைய புகழை இன்னொருவருடைய முதுகில்தான் எழுதவேண்டியிருக்கிறது! நாவலிலே, சிறைப்பட்ட ஜனங்களின் முதுகில் சாட்டை விழாமல் இருப்பதற்காகச் சிவகாமி வாதாபித் தெருவில் ஆடுகிறாள். வாசகியின் கோபம் அங்கேதான் பிறக்கிறது.

அரசர்களை விட்டுவிட்டுக் கலைஞர்களைப் பார்ப்போம். ஆயனர் கற்பனை, ஆனால் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன், கலியாணி என்று உளிக்காரர்களின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. வெறும் பெயர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் யாரென்று எந்தக் கல்லும் பேசவில்லை. முந்நூறு வருஷத்துக்கும் பிறகு, தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 ஆடல் மகளிரைப் பெயர் பெயராக எழுதி வைத்தான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். சிவகாமிக்குக் கதாசிரியர் கொடுக்காத வீட்டை அரசன் கொடுத்தான். ஆனால் அது கோயில் கொடுத்த வீடு. கணவனும் குழந்தையுமாக இருக்கும் குடும்பத்தைத்தான் நம் வாசகி வீடு என்கிறார்.

காஞ்சியிலேயே, நம் பாட்டிமார் காலத்துக்கு வருவோம். தனக்கோடி அம்மாள், அவருடைய சகோதரி காமாட்சி அம்மாள் என்ற இரண்டு பெண்களின் பாட்டு அன்று பிரசித்தம். காமாட்சி அம்மாளின் மகன்தான் லயத்துக்குப் பேர்போன காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889-1934). அந்த வீட்டில் புகழ் தாய் வழியாக வந்தது. ஊரார் பாட்டைக் கேட்டு மெய்மறந்தார்கள். ஆனால், "குடும்பப் பெண்" என்ற பட்டத்தை மட்டும் அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அதே ஊரில் இன்னொரு வீடு. அங்கே ராஜம்மாள் என்ற அம்மாள் அருமையாகப் பாடுவார். ஆனால் வைதிகக் குடும்பம். சபையில் மட்டுமல்ல, உற்றார் உறவினர் முன்னால்கூட அவர் வாய் திறந்து பாடியதில்லை. அவருக்கு வீடு இருந்தது. குரல் வீட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டது. அவருடைய மகள் 1919ல் பிறந்தாள். தகப்பனார் தாமல் கிருஷ்ணஸ்வாமி தீட்சிதர். பெண்ணை வெளியே பாட விட அவர் முதலில் தயங்கினார். கடைசியில் சம்மதித்தார். 1929ல், பத்து வயதில், சென்னை வானொலியில் அந்தப் பெண் பாடினாள். டி. கே. பட்டம்மாள் என்றால் பிறகு தமிழ்நாட்டில் தெரியாதவர் உண்டா? கல்யாணம், குழந்தைகள், கச்சேரி எல்லாம் சேர்ந்தே நடந்தன. 1970ல் சங்கீத கலாநிதியானார், 2009ல் காலமானார். தம்பி ஜெயராமனும் பெரிய வித்வான். பேத்தி நித்யஸ்ரீயும் பாடகி.

இதிலே வேடிக்கை என்னவென்றால், பட்டம்மாள் 1939ல் 'தியாக பூமி' படத்துக்குப் பாடியிருக்கிறார். அது கல்கியின் கதை! வீட்டையும் புகழையும் ஒருங்கே பெற்ற காஞ்சிப் பெண்ணின் குரல் ஆசிரியர் காதில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் 1946ல் கதையை முடிக்கும்போது, சிவகாமியை ஏகாம்பரநாதர் சந்நிதியில் கொண்டுபோய் நிறுத்தி, இறைவனையே பதியாக வரிக்கச் செய்துவிட்டார். மறு வருஷமே, 1947ல், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்துச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. ஏழாம் நூற்றாண்டுக் கதைக்கு வேறு முடிவு பொருந்தியிராது என்பது உண்மையே. ஆனால் அந்த முடிவைத் தெய்வீகம் என்று மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல், "அவளுக்கு என்ன வந்தது?" என்று கேட்ட செவிலிமேட்டு வாசகி சரியாகப் படித்திருக்கிறார்.

ஆயனருக்காக நான் ஒரே ஒரு வார்த்தை பரிந்து பேசுகிறேன். அவர் மகளை மறந்தார், அது குற்றமே. ஆனால் "நீ ஆடாதே" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ராஜம்மாளுக்கு அப்படிச் சொல்லாத ஒருவர் வாய்க்கவில்லை. பெண்ணின் கலையை மறைக்கிற தகப்பனும் வேண்டாம். கலையைப் பார்த்துப் பெண்ணை மறக்கிற தகப்பனும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் காஞ்சிக்கு வாதாபிப் போரிலிருந்து ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆயிற்று.