மங்களூர் ஓடு பிறந்த வரலாறு

தமிழ்நாட்டில் சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் வழங்கும் செந்நிறத் தட்டை ஓட்டை அறியாதார் அரியர். பெயரில் மங்களூர் இருப்பினும் அதன் அமைப்பு ஐரோப்பாவில் தோன்றியது. அதனை இந்திய மண்ணில் முதன்முதலாகச் சுட்டு விற்றவர்கள் வணிகரும் அல்லர், குயவரும் அல்லர்; பாதிரிமார் ஆவர்.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரத்துச் சபையினர் 1834ஆம் ஆண்டில் மங்களூரை அடைந்தனர். அவர்கள்வழி மதம் மாறியோர் சாதியினரால் விலக்கப்பட்டனர்; அதனுடன் பிழைப்பும் போயிற்று. கள்ளிறக்கும் குலத்தாராகிய பில்லவரின் நிலையோ இன்னும் இடர்ப்பாடானது. கள்ளிறக்குதல் தகாது என்று சபையே தடுத்தது. தொழிலை விடச் சொன்னவர்கள் வேறு தொழில் காட்ட வேண்டுமன்றோ?

காட்டத்தான் முயன்றனர். கடிகாரம் செய்தல், பூட்டுச் செய்தல், சர்க்கரை காய்ச்சுதல் எனப் பலவற்றைத் தொடங்கிப் பார்த்தனர். அவை நிலைக்கவில்லை. பொழுதை வெயில் பார்த்து அறிந்த ஊரில் கடிகாரத்தை யார் வாங்குவர்? ஐரோப்பியர் தமக்குத் தெரிந்த தொழிலைக் கற்பித்தனரேயன்றி, ஊருக்கு வேண்டிய தொழில் யாது என்று முதலில் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. 1841இல் நிறுவிய அச்சுக்கூடமும், பின்னர் 1851இல் வந்த ஹாலர் என்பவரின் நெசவாலையும் மட்டுமே வேரூன்றின. காக்கிச் சாயத்தைக் கண்டவர் இந்த ஹாலரே என்பர்.

அச்சுக்கூடப் பணிக்கென வந்த இயந்திர வல்லுநர் பிளெப்ஸ்ட் என்பவர், தாயகம் சென்றிருந்த காலத்தில் மட்பாண்டத் தொழிலைப் பயின்று திரும்பினார். அல்சேஸ் நாட்டுக் கில்லார்தோனி சகோதரர் 1841இல் உரிமை பெற்ற ஓடு ஒன்று அப்பொழுது ஐரோப்பாவில் பரவியிருந்தது. ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் பொருந்திக் கவ்விக்கொள்ளும் வகை அது. நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண் அதற்கு ஏற்றதாய் இருந்தது. 1865இல் ஜெப்பு என்னுமிடத்தில் தொழிற்சாலை எழுந்தது. இரண்டு ஆட்கள், களிமண் அரைக்க ஓரிணை மாடுகள், நாளொன்றுக்கு 360 ஓடுகள் என்பது தொடக்கக் கணக்கு.

இதன் சிறப்பு பழைய நாட்டோட்டுடன் ஒப்பிட்டால் விளங்கும். குயவர் சக்கரத்தில் வனைந்த நாட்டோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய் வேய வேண்டும். பாரம் மிகும், அதனால் மரமும் மிகுதியாக வேண்டும். காற்றும் குரங்கும் கலைத்துவிடும். ஆண்டுதோறும் மழைக்கு முன் கூரையைப் பிரித்து மாற்றுவது ஒரு தண்டச் செலவு. புதிய ஓடோ நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 150 இருந்தால் போதும்; ஒரே வரிசையாக நிற்கும். ஓலைக் கூரையைப்போல் தீக்கு இரையாவதுமில்லை. அச்சில் அழுத்தி எடுப்பதால் எல்லா ஓடுகளும் ஒரே அளவு. நெசவிலே மான்செஸ்டர் துணியுடன் போட்டியிட வேண்டியிருந்தது. ஓட்டிலோ தொடக்கத்தில் எதிரியே இல்லை.

கோழிக்கோட்டுப் புதியறையில் 1873இலும், கொடக்கல்லில் 1887இலும், பாலக்காட்டில் 1888இலும், பெரோக்கில் 1905இலும் கிளைகள் தோன்றின. உள்ளூர் முதலாளிகளும் இத்தொழிலில் இறங்கினர். மங்களூர்ச் சரக்கு கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றது.

ஆயினும் அனைவரும் மகிழ்ந்தனர் என்பதற்கில்லை. ஊழியமும் வாணிகமும் ஒரே கையில் இருத்தல் தகுமா என்ற வினா சபைக்குள்ளேயே எழுந்தது. கூலி தருபவரும் ஞானோபதேசம் செய்பவரும் ஒரே தரப்பினர் ஆனால், தொழிலாளி எவ்விடத்தில் மறுத்துப் பேசுவான்? தோட்டப்புறம் அறிந்தோர்க்கு இவ்வினாவின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அதே வேளையில், சாதியும் வேலையும் இழந்த குடும்பங்களுக்கு மாதந்தோறும் உலை கொதித்தது அந்தச் சூளைகளால்தான் என்பதும் மறுக்கவொண்ணாதது.

1914இல் மூண்ட போர் இவ்வாதத்துக்கு வேறொரு முடிவைத் தந்தது. சபையாருள் ஜெர்மானியர் பலர் இருந்தமையால் பிரிட்டிஷ் அரசு தொழிற்சாலைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்திடம் அவை ஒப்படைக்கப்பட்டன. பழைய வீடுகளின் ஓடுகளில் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் பொறித்திருக்கக் காணலாம். அது ஓடு சுட்ட ஆண்டன்று. சாலை தொடங்கிய ஆண்டு.