பெயர் பொறித்த கல்

தன்னை அறிதல் என்றதும் நம் நினைவு திருவண்ணாமலைக்குச் செல்வது இயல்பு. 1896 செப்டம்பர் முதல் நாள் பதினாறு வயதுச் சிறுவனாக அங்கே வந்து சேர்ந்த வேங்கடராமன், சில ஆண்டுகளுக்குப் பின் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குப் பேசாமல் எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்?' என்னும் சிறுநூலாயின. உடல் நானல்ல, புலன் நானல்ல, நினைக்கும் மனமும் நானல்ல என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு உள்ளே செல்லும் வழி அது. அதன் ஆழத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே மாவட்டத்தில், வடக்கே எழும் ஜவ்வாது மலையைச் சுற்றி, இதே கேள்விக்கு வேறு விடைகளும் கல்லில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை ஆன்மிகத்தின் கணக்கில் நாம் சேர்ப்பதில்லை. தொல்லியல் என்று பெயரிட்டு ஒதுக்கிவைத்துவிட்டோம்.

மலைக்குக் கிழக்கே, போளூருக்கு அருகில் உள்ள திருமலை அவற்றுள் ஒன்று. பதினாறடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் நேமிநாதர் உருவமும், குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயமும் அங்கே உள்ளன. வினை என்பது உயிரின்மேல் படியும் ஒருவகை நுண்பொருள், அதை உதிர்த்துவிட்டால் எஞ்சுவதே தூய உயிர் என்பது சமணக் கொள்கை. இதுவும் விலக்கிச் செல்லும் வழிதான். ஆனால் அதே குன்றில் தன் கொடைக்குரிய பெயரைக் கல்லில் விட்டுச்சென்ற வணிகன் மனைவி சாமுண்டப்பையும் இருக்கிறாள். எல்லாவற்றையும் துறந்தவரின் காலடியில் ஒரு விளக்கெரிய ஏற்பாடு செய்து, அதைச் செய்தவள் நான் என்று எழுதிவைக்கிறாள். எனக்கு நேமிநாதரைவிட அவளே நெருக்கமானவளாகத் தோன்றுகிறாள்.

மலையின் தென்மேற்குச் சரிவு இறங்கும் செங்கம் வட்டாரம் முற்றிலும் வேறு உலகம். மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இதுவே. சேயாறு ஜவ்வாது மலையில் பிறப்பது. நஞ்சுண்ட கடவுள் உறையும் நவிரமலையையும் அப்பாட்டு சொல்கிறது. பெருங்கௌசிகனார் தம் கூத்தரை நன்னனிடம் வழிப்படுத்தும்போது, பாதைகள் பிரியும் இடங்களில் நடுகற்கள் மிகப்பல உண்டு என்று சொல்லிவைக்கிறார். புறமுதுகிட நேர்ந்ததைப் பகைவர் எள்ளி ஆரவாரித்தபோது அந்த இகழ்ச்சியைத் தாங்க நாணி உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். அங்கே யாழிசைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது புலவரின் அறிவுரை. வீரம் என்ற ஒற்றைச் சொல்லால் இதைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. அந்த மனிதர்களை நிறுத்தியது நாணம். பிறர் பார்வையில் தாம் யாராக இருக்கிறோம் என்ற உணர்வு. தன்னை அறிவதற்கு உள்ளே செல்லவேண்டியதில்லை, எதிரே நிற்பவனின் கண்ணே போதும் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும்.

1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' நூலைப் புரட்டிய எவருக்கும் எடுத்தனூர்க் கல் மறந்திருக்காது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காத்து நின்று இறக்கிறான். அவனோடு ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்து அது காவலிருந்த செய்தியும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டு, நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. மாமல்லபுரத்தின் நுட்பம் இதில் இல்லை. அரசனின் புகழ்மாலையும் இல்லை. ஆண்டு, ஆள், செயல், சாவு, கல். அவ்வளவே. அந்த மனிதன் எப்படிப்பட்டவன், மனைவியிடம் அன்பாக இருந்தானா, பொய் சொல்வானா என்பதெல்லாம் கல்லுக்கு வேண்டாதவை. ஓர் எருமை மந்தையின் பக்கத்தில் ஒருநாள் அவன் ஓடாமல் நின்றான். அந்த நிற்றலே அவன்.

இவ்விடத்தில் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "மாட்டைத் திருடப் போனவனுக்கும் கல் வைத்தார்களா ஐயா?" தொறு மீட்டுப் பட்டவர்களின் கற்களே மிகுதி. ஆயினும் கவரச் சென்று மாண்டவர்களுக்கும் கல் உண்டு. தொல்காப்பியர் ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் ஒரே வெட்சித் திணைக்குள் அடக்கினார். கரந்தை என்று அதைத் தனியே பிரித்தது பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை. இலக்கண வகைப்பாட்டின் சிறு மாற்றம் என்றுதான் நாங்கள் பாடம் நடத்துகிறோம். கள்வன் ஒரு பக்கம், காவலன் மறுபக்கம் என்று மனிதரைப் பிரிக்கக் கற்றுக்கொண்ட வரலாறும் அதற்குள் இருப்பதாக நான் நினைக்கிறேன். வறண்ட மேய்ச்சல் நிலத்தில் இன்று காப்பவன் நாளை கவர்பவன். எடுத்தனூரில் நாயிடம் கடிபட்ட இருவர் இறந்திருந்தால், அவர்கள் ஊரில் அவர்களுக்கும் ஒரு கல் நின்றிருக்கலாம்.

நடுகல்லை அப்படியே புகழ்ந்துவிட முடியாது என்பதும் உண்மையே. ஆட்களைச் சாகத் தூண்டும் கருவியாகக் குறுநிலத் தலைவர்கள் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். ஆனால் மாங்குடி கிழார் புறநானூற்று 335ஆம் பாட்டில் கல்லைத் தவிர நெல் தூவி வணங்கத்தக்க வேறு கடவுள் தமக்கு இல்லை என்று சொல்லும்போது, கடவுள் என்ற சொல்லுக்கே அங்கே வேறு பொருள் வந்துவிடுகிறது. படைத்தவன் அல்ல, காப்பவனும் அல்ல. நம்மில் ஒருவனாக இருந்து செத்தவன்.

காலம் அந்தப் பெயர்களை விட்டுவைக்கவில்லை. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் இந்தக் கற்கள் பல இன்று வேடியப்பன் என்ற பொதுப்பெயரால் வணங்கப்படுகின்றன. கல்லில் பெயர் இருக்கிறது, படிப்பார் இல்லை. மலைமேல் கீழ்சேப்பிளியில் உள்ள பெருங்கற்காலக் கற்திட்டைகளோ, முன்பொரு காலத்தில் குள்ளர்கள் வாழ்ந்த வீடுகள் என்று கதையாகிவிட்டன. யாரோ ஒருவரின் சாவுக்காக அத்தனை பெரிய பலகைக் கற்களை நகர்த்தியவர்கள் கடைசியில் வேற்றினத்தாராகிப் போனார்கள்.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகத் தமிழகத்தைச் சேர்ந்த இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்துவைத்துக் கொன்றார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். அந்த நாட்களில் நான் கேட்ட உரையாடல்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றிவந்தன: அவர்கள் கடத்தல்காரர்களா, கூலிகளா? அந்த விடையைப் பொறுத்தே இரங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்பட்டது. படித்தவர்கள், பக்தியுள்ளவர்கள், பௌர்ணமிதோறும் கிரிவலம் செல்பவர்கள்தாம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மரம் கடல் கடந்து சென்று யாருடைய வீட்டில் நாற்காலியாகிறது என்ற பேச்சு அதிகம் எழவில்லை. மானாவாரியில் சாமை விளைவித்துப் பிழைக்கும் மலையிலிருந்து ஒருவன் இன்னொரு மாநிலத்துக் காட்டுக்குக் கோடரியோடு ஏன் போகிறான் என்பதும் அப்படியே.

செங்கத்துக் கல்வெட்டுகளைப் பொறித்தவர்களிடம் இந்தச் சாவுகள் சென்றிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று அவ்வப்போது நினைத்துப் பார்க்கிறேன். கவர்ந்தான் என்றா, மீட்டான் என்றா, இரண்டுமில்லாமல் மரம் சுமந்தான் என்றா? ஆட்சியாண்டு இருந்திருக்கும். ஊரின் பெயரும் இன்னாருடைய மகன் என்பதும் இருந்திருக்கும். கடைசியில், பட்டான் என்ற சொல்லும்.