நீலத் தாளில் கடற்பாசிகள்

சென்ற தலைமுறைப் பொறியாளர்கள் கட்டட வேலையிடத்தில் விரித்துக் காட்டிய வரைபடத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீலத் தாள், அதன்மீது வெள்ளைக் கோடுகள். 'புளூபிரிண்ட்' எனப்பட்ட அம்முறையில் கட்டடங்கள் பதிவாவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே கடற்பாசிகள் பதிவாகியிருந்தன என்பதை நம்மில் சிலரே அறிவோம்.

இம்முறையை 1842இல் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்னும் இரண்டு உப்புகளின் கரைசல்களைக் கலந்து, தாளில் தடவி, இருளில் உலர்த்த வேண்டும். அதன்மேல் ஓர் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். பின்னர் வெறும் நீரில் அலசினால் போதும். கதிரொளி பட்ட இடமெல்லாம் கருநீலமாகும். இலை மறைத்த இடம் வெண்மையாக நிற்கும். இரும்பு உப்பை ஒளி மாற்றுவதால் விளையும் நிறம் அது.

இதனைத் தாவர இயலுக்குப் பயன்படுத்தியவர் ஆன்னா அட்கின்ஸ் அம்மையார். 1799இல் கென்ட் மாவட்டத்தில் பிறந்த அவர், கைக்குழந்தையாயிருக்கும்போதே தாயை இழந்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன், மகளுக்கு அறிவியலை ஊட்டி வளர்த்தார். தந்தை மொழிபெயர்த்த கிளிஞ்சல் நூலுக்காக ஏறத்தாழ 250 படங்களை அவர் வரைந்திருந்தார். ஓவியம் கைவந்தவரே தூரிகையை ஒதுக்கிவைத்தது எதனால்? நூலினும் மெல்லிய பாசிகளைக் கையால் பிழையின்றி வரைதல் அரிது என்பதை அவர் உணர்ந்தார். செடியே தன் உருவைத் தானே பதிக்கட்டும் என்று எண்ணினார்.

1843இல் அவரது 'பிரிட்டிஷ் கடற்பாசிகளின் ஒளிப்படங்கள்' என்னும் நூலின் முதற்பகுதி வெளிவந்தது. ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூலென அறிஞர்கள் இதனையே கருதுகின்றனர். ஃபாக்ஸ் டால்பட்டின் புகழ்பெற்ற நூல் அடுத்த ஆண்டுதான் வெளிவரத் தொடங்கியது. அச்சகம் எதுவும் துணையில்லை. ஒவ்வொரு தாளையும் தனித்தனியே வெயிலில் காட்டி எடுக்க வேண்டும். தாவரப் பெயர்கள்கூட அவர் கையெழுத்திலிருந்து அவ்வாறே பதிந்தவை. பத்தாண்டுகள் உழைத்து, 1853இல் ஏறத்தாழ 400 பக்கங்களோடு பணியை நிறைவுசெய்தார். படிகளை நண்பர்களுக்கும் அறிஞர் அவைகளுக்கும் வழங்கினார். இன்று எஞ்சியிருப்பன இருபதுக்கும் குறைவு.

முன்னுரையில் அவர் இட்டது 'ஏ.ஏ.' என்னும் இரண்டு எழுத்துகளே. 1871இல் அவர் மறைந்தபின் ஒருவர் அவற்றைப் 'பெயர் அறியாத ஆர்வலர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமெனப் பொருள்கொண்டார். பத்தாண்டு உழைப்பு ஆளற்ற உழைப்பாயிற்று. உண்மை பின்னர் வெளிப்பட்டபோதும், 1985இல் லாரி ஷாஃப் தம் ஆய்வை நூலாக வெளியிட்ட பின்னரே அம்மையாரின் புகழ் பரவிற்று.

தன்னை முன்னிறுத்தாத உழைப்பை நாம் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆயினும் அவர் பெயரை நாடவில்லை என்பதைக் காரணமாக்கி, நாமும் அப்பெயரைத் தேடாதிருந்தால் அது பணிவைப் போற்றுதல் ஆகுமோ? நன்றி மறத்தலே ஆகும். அடக்கம் அவருக்குரிய பண்பு. நினைவுகூர்தல் நமக்குரிய கடன். ஒரு கடற்பாசியின் பெயரையும் விடாமல் எழுதிவைத்தவரின் பெயர் நம் நாவிலும் நிற்கட்டும்.