காட்டு நிழலில் ஏலத்தோட்டம்

ஏலச்செடி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளுக்கே உரியது. இஞ்சி, மஞ்சள் குடும்பத்தைச் சேர்ந்தது. 600 முதல் 1,200 மீட்டர் வரை உயரமுள்ள சரிவுகளில், பெருமரங்களின் அடியில், இலைமக்கு நிறைந்த மண்ணில் தானாக வளர்ந்து கிடந்தது. வெயில் நேராகப் பட்டால் இலை கருகும். நிழல் மிஞ்சினால் தட்டை மட்டும் உயரும், சரம் குறைந்துபோகும். காட்டை அழித்துவிட்டு இதை வளர்க்க முடியாது. தொடாமல் விட்டால் விளைச்சல் இல்லை. எந்த மரத்தை வெட்டுவது, எதை நிறுத்துவது என்ற கேள்வியோடுதான் இந்தத் தொழில் பிறந்தது.

மிகப் பழைய முறையில் நடவே கிடையாது. குடகில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சரிவில் ஓரிடத்தைத் தேர்ந்து புதர்களைக் களைவார்கள். மேட்டுப் பக்கம் நிற்கும் பெருமரம் ஒன்றைக் கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள். அது வழியிலுள்ள சிறு மரங்களையும் முறித்துக்கொண்டு விழும். அந்த அதிர்ச்சியில்தான் ஏலம் முளைக்கிறது என்பது நம்பிக்கை. உண்மையில், காட்டின் கூரை திறந்து, மண்ணில் கிடந்த விதைகளுக்கு வெளிச்சம் கிடைத்தது. மழை பிடித்ததும் நாற்றுகள் தலைகாட்டும், மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும். பிறகு சுற்றியுள்ள மரங்கள் கிளை பரப்பி நிழலை இறுக்க, காய்ப்பு குறையும். மீண்டும் ஒரு மரம் சாய்க்கப்படும். காரணம் பற்றிய எண்ணம் பிசகினாலும், செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை அந்த மலைமக்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள்.

நட்டு வளர்க்கும் தோட்டங்கள் பெருகிய இடம் திருவிதாங்கூரின் ஏலமலை, அதாவது இன்றைய இடுக்கி மாவட்டத்தின் கிழக்குப் பகுதி. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலம் அரசின் ஏகபோகமாக இருந்தது. பயிரிட்டவர்களில் பலர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய தமிழர்கள். ஏகபோகம் நீங்கியபின் நிலவரி வந்தது. 1935ஆம் ஆண்டு விதிகள் ஏலம் பயிரிடுவதற்கென நிலத்தைக் குத்தகைக்கு விட்டன. மரங்கள் அரசுக்கே சொந்தம். அந்த நிபந்தனையும் செடியின் இயல்பும் சேர்ந்து இங்கே காட்டின் கூரையைப் பல காலம் காப்பாற்றின. அடுத்த மலைகளின் கதை வேறு. ஏலமலைக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னர் அங்கே தேயிலை பரவியபோது சோலைகளும் புல்வெளிகளும் பெருமளவில் மறைந்தன.

நிழலைப் பேணுவதே ஏலத்தோட்டத்தின் நுட்பமான வேலை. 40 முதல் 60 விழுக்காடு நிழல் போதும். தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாத வாக்கில், மரங்களைக் கவாத்து செய்வார்கள். மேகம் மூடிய மாதங்களில் அப்போதுதான் செடிக்கு வெளிச்சம் எட்டும். மழை ஓய்ந்தபின் துளிர்க்கும் கிளைகள் கோடைக்குக் குடையாகின்றன. பலா, மதகிரி வேம்பு போன்றவை விரும்பி வளர்க்கப்பட்டன. உதிரும் இலைகள் ஏலத்தின் மேலோட்டமான வேர்களை மூடிக் காக்கும். மரங்களால் இன்னொரு பயனும் உண்டு: காலையில் விரிந்து மாலைக்குள் வாடும் ஏலப்பூவுக்குத் தேனீ தேவை, பொந்துகளிலும் உயரமான கிளைகளிலும் கூடு கட்டும் தேனீக்களுக்கு மரம் தேவை. சரத்தில் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. பதமான காயை மட்டும் பார்த்துப் பறிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். அவர்களில் பலர் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஜீப்புகளில் அன்றாடம் மலையேறி வருபவர்கள். காய் விலைபோகும் முக்கியச் சந்தைகளில் ஒன்று போடிநாயக்கனூர்.

1940களின் உணவுத் தட்டுப்பாட்டில் உயர்மலை நிலங்கள் உணவுப்பயிருக்குத் திறந்துவிடப்பட்டன. 1950களில் குடியேற்றங்களும் வந்தன. 1966இல் ஏலக்காய் வாரியமும், 1978இல் மயிலாடும்பாறையில் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தன. குவாதமாலா ஏற்றுமதிச் சந்தையைப் பிடித்தபின், குறைந்த நிலத்தில் கூடுதல் விளைச்சல் என்ற நெருக்கடி கூடியது. கட்டப்பனைப் பகுதி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த ‘ஞள்ளானி’ ரகம் 1990களில் பரவி, விளைச்சலைப் பல மடங்கு உயர்த்தியது. ஆனால் அது கூடுதல் வெளிச்சமும் பாசனமும் உரமும் கேட்டது. கவாத்து கடுமையாகி, பழைய மரங்கள் குறைந்து, சீக்கிரம் வளரும் ஓரிரு வகை மரங்கள் அவற்றின் இடத்துக்கு வந்தன. 2024 கோடையின் வெப்பத்தில் இடுக்கியின் ஏலச்செடிகள் பெருமளவில் கருகின. நிழல் போதாத தோட்டங்களில் சாகுபடியாளர்கள் செடிகளுக்கு மேலே பச்சை வலை கட்டினார்கள்.