சீமை மேடையில் ஒரு நவாப்

'நவாப்' என்னும் சொல்லை அறியாதார் நம்முள் எவருமிலர். அரபியில் 'நாயிப்' என்பது பிரதிநிதியைக் குறிக்கும். அதன் பன்மை 'நுவ்வாப்'. பாரசீக வழக்கினூடே இந்நாட்டுக்கு வந்தபொழுது, மரியாதை கருதி அப்பன்மைச் சொல்லே ஒருவருக்கும் உரியதாயிற்று. முகலாயப் பேரரசரின் சார்பில் நாடாண்டோர் இப்பெயரால் சிறப்பிக்கப்பெற்றனர். ஆனால் இதே சொல் கப்பலேறி இலண்டன் சென்றபின் அடைந்த கதியோ வேறு. அங்கே அது 'நபாப்' எனத் திரிந்து, கும்பினி உத்தியோகத்தில் வங்கத்திலும் சென்னப்பட்டணத்திலும் பொருள் குவித்துச் சீமை திரும்பிய ஆங்கிலேயனைச் சுட்டும் வசைச்சொல்லாயிற்று. அவ்வசையை நாடகமாக்கி, அதில் தாமே நபாபாகத் தோன்றி ஊரைச் சிரிக்கவைத்தவர் சாமுவேல் ஃபூட் என்னும் நகைச்சுவை நடிகர்.

1720-இல் கார்ன்வால் பகுதியின் ட்ரூரோ நகரில் பிறந்தவர் இவர். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றாரேனும் படிப்பை முடித்தாரில்லை. 1741-இல் இவருடைய தாய்மாமன்மார் இருவருள் ஒருவர் மற்றவரைக் கப்பலொன்றில் வைத்துக் கொல்வித்துத் தூக்குமேடை ஏறினார். அக்குடும்பக் கேட்டையே சிறு நூலாக எழுதி அச்சேற்றினார் மருமகன்! கைக்கு வந்த செல்வத்தை ஊதாரித்தனத்தால் கரைத்துக் கடன்காரர் சிறையையும் கண்டபின், 1744-இல் நடிகரானார்.

துன்பியல் நாடகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பிறரைப்போல் பேசிக் காட்டுவதே அவருக்கு வாய்த்த கலை. 1737-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற கொட்டகையிலன்றி நாடகம் நடத்தலாகாது. ஃபூட் என்ன செய்தார்? 1747-இல், தம் நண்பர்கள் ஹேமார்க்கெட் கொட்டகைக்கு வந்து ஒரு கிண்ணம் சாக்லேட் பானம் அருந்துமாறு விளம்பரம் செய்தார். கட்டணம் பானத்துக்கே. அது காய்ந்து வருமட்டும் இளம் நடிகர்களுக்குப் பயிற்சி அளிப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களையெல்லாம் அவர்தம் நடையுடை குரலோடு நடித்துக் காட்டினார். சட்டம் வாயடைத்து நின்றது.

இக்கலையில் இரக்கம் குறைவு என்பதை மறைத்தற்கில்லை. டாக்டர் ஜான்சனையும் அவர் மேடையேற்றக் கருதியபோது, அவ்வறிஞர் தடித்த ஓக்குத் தடியின் விலையை விசாரிக்கவே, ஃபூட் பின்வாங்கினார். டப்லின் நகரப் பதிப்பாளர் ஜார்ஜ் ஃபாக்னர் மரக்கால் பூண்டவர்; அவரை 1762-இல் மேடையில் நையாண்டி செய்தார். நான்காண்டு கழித்து, மன்னரின் தம்பியாகிய யார்க் கோமகனின் கூட்டத்தார் மூட்டிவிட, முரட்டுக் குதிரையொன்றில் ஏறி விழுந்து தம் காலையே இழந்து, தாமும் மரக்காலோடு நடமாட நேர்ந்தது. அதற்கு ஈடாகக் கோமகனின் பரிந்துரையால், கோடைக்காலத்தில் ஹேமார்க்கெட்டில் நாடகம் நடத்தும் உரிமை அவருக்கு ஆயுட்காலத்துக்கும் வழங்கப்பெற்றது. மரக்காலையே வேடிக்கைப் பொருளாக்கி 'நொண்டிக் காதலன்' எனும் நாடகமும் எழுதினார். அந்த நெஞ்சுரத்தை வியக்கத்தான் வேண்டும்.

'நபாப்' 1772 ஜூன் 29 அன்று அரங்கேறியது. காலத்தை நோக்குக. வங்கப் பெரும்பஞ்சம் தணிந்து ஈராண்டே ஆகியிருந்தது. மக்களில் மூன்றிலொரு பங்கினர் மடிந்தனர் என வாரன் ஹேஸ்டிங்ஸே அவ்வாண்டில் எழுதினார். கும்பினியின் போக்கை ஆராய அவ்வேப்ரலில்தான் பாராளுமன்றம் குழு அமைத்திருந்தது. நாடகத் தலைவன் சர் மாத்யூ மைட் இந்தியப் பணத்தோடு திரும்பியவன். ஆல்தம் என்னும் பழங்குடிக் குடும்பத்தைத் தன் கடன் வலையில் வீழ்த்தி, மகளைத் தந்தால் கடனை மறப்பதாக மிரட்டுகிறான். பணத்தால் பாராளுமன்றத் தொகுதியை வாங்க முனைகிறான். கனவானாகத் தோன்றும் பொருட்டுச் சூதுக்காய் உருட்டவும் பயிற்சி பெறுகிறான்! இவன் கிளைவே என்றனர் சிலர். பாலாடைக்கட்டி வணிகரின் மைந்தரான ஜெனரல் ரிச்சர்ட் ஸ்மித் என்றனர் வேறு சிலர். 'மைட்' என்பது பாலாடைக்கட்டியில் பற்றும் சிறு பூச்சியின் பெயரன்றோ!

நாடகத்தில் ஒரு சிறு உரையாடல் என் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது. இத்துணைச் செல்வம் எங்ஙனம் வந்தது என ஊர்த்தலைவர் வினவ, உடனிருந்தவன் விளக்குகிறான்: வணிகர்கள் நண்பராய் வந்து சிறிது இடம் இரந்து பெறுவர், மெல்ல மெல்லக் கோட்டை எழுப்புவர், வலுத்தபின் மண்ணுக்குரியோரை விரட்டிப் பொன்னையும் மணியையும் கைக்கொள்வர். இது முறையோ என்றால், அம்மக்கள் துருக்கரையும் தாத்தாரியரையும் விடச் சற்றே மேலானவர், அவ்வளவே என்கிறான் அவன். ஊர்த்தலைவரோ, உண்மை நேர்மாறு, தாத்தாரியர் நாமே எனும் கருத்துப்பட மறுமொழி கூறுகிறார். சென்னைக் கோட்டையின் வரலாற்றை இதனினும் சுருக்கமாக எழுதிவிட இயலுமா?

ஆயினும் அந்த உரையாடலைத் தாண்டினால், மேடையில் அல்லலுறும் குடும்பம் ஆங்கிலக் குடும்பமே. பறிகொடுத்த வங்கத்து உழவனுக்கு அங்கே இடமில்லை. இலண்டன் சிரித்தது தன் நாற்காலிகளை இந்தியப் பணம் பறித்துக்கொண்டதே என்னும் கோபத்தால். அந்நாளில் சேப்பாக்கத்து மாளிகையில் மெய்யான நவாப் முகம்மது அலி வாலாஜா, பால் பென்ஃபீல்டு போன்ற வெள்ளையர்க்கு வட்டி கட்டித் தளர்ந்திருந்தார். அவ்வட்டியின் சுமை ஆற்காட்டுக் குடியானவன் தலையில் விழுந்தது. அப்பணத்திலும் பாராளுமன்ற இடங்கள் வாங்கப்பட்டன. அக்கடனைக் கண்டித்து எட்மண்ட் பர்க் முழங்கியது 1785-இல். கடன் கொடுத்தவனுக்கு 'நபாப்' என்று பெயர், கடன்பட்டவர் நவாப்!

ஃபூட்டின் முடிவு துயரமானது. 1775-இல் கிங்ஸ்டன் சீமாட்டியை நையாண்டி செய்து அவர் எழுதிய நாடகம் தடுக்கப்பட்டது. அம்மாதின் ஆதரவாளர்கள் பத்திரிகை வழியே அவரைத் தூற்ற, பழைய வேலையாள் ஒருவன் ஒழுக்கக்கேட்டு வழக்குத் தொடுத்தான். 1776 டிசம்பரில் குற்றமற்றவர் என விடுதலையானார், உடல்நலமோ திரும்பவில்லை. கொட்டகையை ஜார்ஜ் கோல்மனிடம் ஒப்படைத்துவிட்டு, பிரான்சு செல்லப் புறப்பட்டவர், 1777 அக்டோபர் 21 அன்று டோவர் துறைமுகத்தில் உயிர் நீத்தார். உடலை இலண்டனுக்குக் கொணர்ந்து, இரவில் தீவட்டி வெளிச்சத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துச் சுற்றுக்கூடத்தில் அடக்கம் செய்தனர்.