கல்தரையும் கம்பளமும்

1993இல் வந்த ‘டூம்’ விளையாட்டில் வீரன் எந்தத் தரையில் ஓடினாலும் காலடிச் சத்தமே கேட்காது. ஐந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1998 இறுதியில் வந்த, அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் உருவாக்கிய ‘தீஃப்’ விளையாட்டில் தரை எதனால் ஆனது என்பதே திருடனின் கதியை முடிவு செய்தது. கம்பளத்திலும் புல்லிலும் அவன் பூனைபோல் நடக்கலாம். அதே வேகத்தில் ஓடு பதித்த தரையிலோ இரும்புத் தகட்டிலோ கால் வைத்தால் காவலன் வாளோடு தேடி வருவான். சத்தமிடும் தரையை மெத்தென்று ஆக்குவதற்கே பாசி அம்பு என்று ஒன்று உண்டு. திருடனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதத்தை யாராவது யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். அறைகளையும் வாசல்களையும் வடிவமைப்பாளர்கள் முன்கூட்டியே குறித்து வைத்திருந்ததால், சத்தம் சுவரைத் துளைக்காமல் வாசல் வழியாகச் சுற்றிக் காவலன் காதை எட்டியது. அதே பருவத்தில் வந்த வால்வ் நிறுவனத்தின் ‘ஹாஃப்-லைஃப்’ இன்னும் எளிய வழியை எடுத்தது. சுவரிலும் தரையிலும் ஒட்டும் படங்களின் பெயர்களை ஓர் உரைக்கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எழுத்தைப் போட்டார்கள்: சி என்றால் கான்கிரீட், எம் என்றால் உலோகம், டபிள்யூ என்றால் மரம். பட்டியலில் இல்லாதவை எல்லாம் கான்கிரீட் கணக்கில் சேர்ந்தன. இரண்டிலுமே பொருளின் இயற்பியல் கிடையாது, பெயர்ச்சீட்டு மட்டுமே உண்டு. மேற்பரப்பின் ஒலிக்கு விளையாட்டில் மதிப்பு வந்தது துல்லியமான கணக்கினால் அல்ல, அந்த ஒலிக்கு ஆட்டத்தில் ஒரு விளைவு இருந்ததனால்தான் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதே காலத்தில் ஆரியல் நிறுவனத்தின் ஏ3டி 2.0 என்ற ஒலித் தொழில்நுட்பம், ஒலி எந்தச் சுவரில் பட்டு எப்படித் திரும்புகிறது என்பதை ஆட்டத்தின் போதே கணக்கிட்டது. போட்டியாளரான கிரியேட்டிவ் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1999 டிசம்பரில் ஆரியல் வென்றது. ஆனால் வழக்குச் செலவு அதைத் திவாலாக்க, 2000இல் கிரியேட்டிவே அதன் சொத்துகளை வாங்கியது. அப்படியானால் துல்லியம் தோற்றது பணத்திடம்தானே? பாதி உண்மை. 1895இல் ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் இருக்கை மெத்தைகளை அடுக்கி அளந்தது, ஒரு பொருள் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்பதை. ஏ3டி அந்த மரபின் வாரிசு. அறைக்குள் ஒலி எப்படி அடங்கும் என்பதை அந்தக் கணக்கு சொல்லும். ஓட்டின் மேல் பூட்ஸ் விழும்போது எப்படி ஒலிக்கும் என்பதை அது சொல்லாது. அந்த அறிவு வேறொரு மரபிலிருந்து, சரளைக்கல்லிலும் பலகையிலும் நடந்து திரைப்படங்களுக்குக் காலடி ஓசை சேர்த்த ஜாக் ஃபோலியின் தொழிலிலிருந்து வந்தது. ஆரியல் பிழைத்திருந்தால் மண்டபங்கள் இன்னும் நன்றாக எதிரொலித்திருக்கும். காவலனைப் பற்றிய பயம் கூடியிருக்காது.

2017இல் வால்வ் நிறுவனமே ‘ஸ்டீம் ஆடியோ’ என்ற ஒலி மென்பொருளை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் தாழ், நடு, உயர் அதிர்வெண்களுக்கான மூன்று உறிஞ்சல் எண்கள் உண்டு. காலடி ஓசையை மட்டும் இன்றும் வடிவமைப்பாளர்தான் பதிவு செய்து தர வேண்டும்.